கேட்டால்தான் கிடைக்கும் - வருமான வரி ரீஃபண்ட் பெறுவது எப்படி?

(மூன்றாம் ஆண்டு அமைப்பியல் துறை மாணவர்)



வருமான வரி என்றாலே அது பங்களாக்காரர் சமாச்சாரம், நமக்கென்ன என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் சென்ட்ரிங் மேஸ்திரிகளிடமும், டிப்ளமோ முடித்து முதல் வேலைக்குப் போகும் நம் சீனியர்களிடமும் வரி பிடிக்கப்படுகிறது. கட்ட வேண்டிய அவசியமே இல்லாத வரி அது. அதைத் திரும்ப வாங்கும் வழியைச் சொல்வதே இக்கட்டுரை.

பிடித்தம் வேறு, வரி வேறு

பணம் கொடுக்கும் கம்பெனி, கொடுக்கும்போதே ஒரு பகுதியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவதுதான் டி.டி.எஸ். ஒப்பந்த வேலை செய்யும் தனிநபருக்கு 1 சதவீதம். ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, வருட மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ பிடிப்பார்கள். 'கன்சல்டன்ட்' என்று எழுதி வேலைக்கு எடுத்தால் தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் போய்விடும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம்!

பிடிக்கும்போது நம் வருட வருமானம் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. உண்மையான வரி வருட முடிவில்தான் தெரியும். 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி 4 லட்சம் வரை வரி கிடையாது. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10 சதவீதம். அதற்கு மேல் 87 ஏ என்ற தள்ளுபடி இருக்கிறது. 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு 60,000 ரூபாய் வரை வரியைக் கழித்துவிடுவார்கள். 6 லட்சம் வருமானம் என்றால் வரி 10,000, தள்ளுபடியும் 10,000, மிச்சம் பூஜ்யம்.

இந்தத் தள்ளுபடி 2013-ல் வெறும் 2,000 ரூபாயில் ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1975 முதல் இதே மாதிரி ஒன்று உண்டு. அங்கே குறைந்த சம்பளத் தொழிலாளிக்கு வரியே இல்லாவிட்டாலும் அரசு மேற்கொண்டு பணம் தரும். நம் 87 ஏ அப்படியல்ல. வரியைப் பூஜ்யமாக்கும், அவ்வளவுதான். ஆனால் இரண்டுக்கும் ஒரு விதி பொது: கணக்கு தாக்கல் செய்து கேட்டால்தான் பணம் வரும். அழுகிற பிள்ளைக்குத்தான் பால்.

ஒரு கணக்கு

எங்க அப்பா நாலு ஆட்களை வைத்து சென்ட்ரிங் லேபர் காண்ட்ராக்ட் எடுப்பவர். 2024-25-ல் ஒரு கம்பெனி வங்கி மூலம் கொடுத்த பில் 9,60,000 ரூபாய். அதில் 1 சதவீதம், 9,600 ரூபாய் பிடித்தம். ஆள் கூலி, லாரி வாடகை போக அப்பாவுக்கு நின்றது 2,80,000. அந்த வருடம் 3 லட்சம் வரை வரியில்லை. ஆக 9,600-ம் அப்பாவின் பணம். வருமானம் அந்த 3 லட்சத்துக்குள் இருந்ததால் ரிட்டர்ன் போடுவது கட்டாயமில்லை. அதனால்தான் பலர் போடுவதில்லை, பணமும் வருவதில்லை. நாங்கள் 2025 ஆகஸ்டில் போட்டோம், ஐந்து வாரத்தில் பாஸ்புக்கில் ஏறியது. எங்க வீட்டில் அது ஒரு மாத மளிகையும் என் தேர்வுக் கட்டணமும்.

செய்ய வேண்டியவை

1. பான், ஆதார் இரண்டையும் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ரீஃபண்ட் வராது.

2. வருமான வரித்துறை இணையதளத்தில் பான் எண்ணைப் பதிந்து '26 ஏ.எஸ்.' அறிக்கையைப் பாருங்கள். யார், எவ்வளவு பிடித்துக் கட்டினார்கள் என்று அதில் இருக்கும். அப்பா கணக்கில் ஒரு காலாண்டுப் பிடித்தம் காணவில்லை. கம்பெனி கணக்காளர் பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டிருந்தார். மூன்று தடவை நடந்த பிறகு திருத்தினார்கள். ஆகவே படிவம் 16 ஏ-யைக் கேட்டு வாங்குங்கள்.

3. சம்பளம் மட்டும் என்றால் பொதுவாக ஐ.டி.ஆர்.-1. சிறு ஒப்பந்தக்காரர் 'சுகம்' எனும் ஐ.டி.ஆர்.-4 போடலாம். அதில் வங்கி வழி வரவில் குறைந்தது 6 சதவீதமும், ரொக்கத்தில் 8 சதவீதமும் லாபம் காட்ட வேண்டும். உண்மையில் அதிகம் நின்றால் அதையே எழுதுங்கள்.

4. வங்கிக் கணக்கை அதே தளத்தில் சரிபார்க்க வேண்டும்.

5. தாக்கல் செய்து 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் உறுதி செய்ய வேண்டும். இதை விட்டால் தாக்கல் செய்ததே கணக்கில் வராது.

ஜூலை 31-க்குள் முடிப்பது நல்லது. தவறினால் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் உண்டு. அதன்பின் போடும் 'அப்டேட்டட் ரிட்டர்ன்' மூலம் ரீஃபண்ட் கேட்க முடியாது.

2026 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய வருமானத்துக்கு 2025-ம் ஆண்டின் புதிய சட்டம் பொருந்தும். பிரிவு எண்களும் படிவப் பெயர்களும் மாறும்.

எச்சரிக்கை

"இல்லாத செலவைக் காட்டி டபுளா வாங்கித் தர்றேன், பாதி எனக்கு" என்பவர்களிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். பொய்க் கணக்குக்கு, மறைத்த வரியைப் போல 200 சதவீதம் அபராதம் உண்டு. கையெழுத்து நம் வீட்டாருடையது, மாட்டுவதும் அவர்கள்தான்.

நண்பர்களே! வீட்டுக்கு வரும் கடிதத்தைப் படித்துச் சொல்லும் முதல் ஆள் நம்மில் பலர். பீம் கணக்குப் போடும் நமக்கு இந்தக் கழித்தல் பெரிய விஷயமில்லை. இந்த விடுமுறையில் அப்பாவின் பில்லையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பில்லில் இருப்பதைவிட பாஸ்புக்கில் குறைவாக வந்திருந்தால், அந்த வித்தியாசம் எங்கே போனது என்று 26 ஏ.எஸ்.-ல் தேடுங்கள்.