மழையும் பால்மரமும்: நீரின் ஓயாத சுழற்சி

விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும் வேளையில் மேற்கு வானம் இருண்டு, காற்றுச் சுழன்றடித்து, மழை கொட்டத் தொடங்கினால் அன்றைய பால்வெட்டு நின்றுபோகும். பட்டை நனைந்திருக்கும்போது மரத்தை வெட்டினால், பால் வெட்டுக்கோட்டை விட்டு விலகி வழிந்து வீணாகும். பட்டையில் பூசண நோய் பற்றவும் வழி ஏற்படும். வெட்டி முடித்த பின்னர் மழை வந்தாலோ, மங்கில் சேர்ந்த பாலோடு அன்றைய உழைப்பும் கரைந்து போகும். ஆகவே, மழையைக் கண்டு ஒரு நாளேனும் சலித்துக்கொள்ளாத தோட்டப் பாட்டாளியைக் காண்பது அரிது.

ஆயினும், நாம் மங்கில் சேர்க்கும் அந்தப் பாலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீரே ஆகும். எஞ்சிய ஒரு பங்கில்தான் ரப்பர் இருக்கிறது. அந்த நீரை மரத்திற்குக் கொடுத்தது யார்? முன்பொரு நாள் நம் வேலையைக் கெடுத்த அதே மழைதான். அப்படியானால், அந்த மழை எங்கிருந்து வந்தது? பெய்த பின்னர் எங்கே போகிறது? இவற்றை அறிந்துகொள்வது நம் தொழிலுக்கும் நம் குடும்ப நலனுக்கும் பயன்படும்.

நூறு லிட்டரில் ஒன்றரைத் தேக்கரண்டி

பூமியின் மேற்பரப்பில் நூற்றுக்கு 71 பங்கு நீரால் மூடப்பட்டிருக்கிறது. இவ்வளவு நீர் இருக்கும்போது தண்ணீர்ப் பஞ்சம் ஏன் வருகிறது என்ற ஐயம் எவருக்கும் எழக்கூடும்.

உலகிலுள்ள நீர் முழுவதையும் நூறு லிட்டர் கொள்ளும் ஒரு பீப்பாயில் அடைத்து வைத்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். அதில் தொண்ணூற்றேழரை லிட்டர் உப்புநீர். மீதமுள்ள இரண்டரை லிட்டரே நன்னீர். அந்த நன்னீரிலும் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் லிட்டர், துருவப் பகுதிகளிலும் உயர்ந்த மலைகளிலும் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. முக்கால் லிட்டர் அளவு நிலத்தடியில் இருக்கிறது. உலகிலுள்ள ஆறுகளிலும் நன்னீர் ஏரிகளிலும் இருப்பவை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி நீர்தான்! நம் வீட்டுக் குழாயில் வரும் நீர் பெரும்பாலும் இந்தத் தேக்கரண்டியிலிருந்து வருவதே.

இச்சிறிய அளவு தீர்ந்துவிடாமல் இருப்பதற்குக் காரணம், அது மீண்டும் மீண்டும் நிரப்பப்படுவதுதான். அதையே நீரின் சுழற்சி என்கிறோம்.

சூரியன் சுழற்றும் சக்கரம்

கொடியில் உலர்த்திய ஈரத்துணி சிறிது நேரத்தில் காய்ந்துவிடுகிறது. அதிலிருந்த நீர் அழிந்துவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆவியாகிக் காற்றில் கலந்துவிட்டது. இவ்வாறே சூரியனின் வெப்பத்தால் கடல்நீரும் ஆற்றுநீரும் ஆவியாகி மேலே எழுகின்றன. உலகில் இவ்வாறு ஆவியாகும் நீரில் பெரும்பங்கு கடலிலிருந்து வருகிறது. கடல்நீர் ஆவியாகும்போது உப்பைக் கடலிலேயே விட்டுச் செல்வதால்தான் மழைநீர் உப்புக் கரிப்பதில்லை.

மேலே செல்லச் செல்லக் காற்றின் குளிர்ச்சி மிகுகிறது. கொதிக்கும் சோற்றுப்பானையின் மூடியில் ஆவி நீர்த்துளிகளாகப் படிவதைப் போல, உயரே சென்ற ஆவியும் குளிர்ந்து, காற்றிலுள்ள நுண்ணிய தூசுகளின்மேல் படிந்து சிறு துளிகளாகிறது. அத்துளிகளின் கூட்டமே மேகம். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்தபின் மழையாக விழுகின்றன. ஆவியாகிய நீர் காற்றில் தங்கியிருப்பது சராசரியாக ஒன்பது நாள் அளவே என அறிவியலார் கணித்துள்ளனர்.

விழுந்த மழையில் ஒரு பகுதி மீண்டும் ஆவியாகிறது. ஒரு பகுதி நிலத்தின்மேல் ஓடி ஆற்றைச் சேர்கிறது. இன்னொரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. மண்ணுக்குள் இறங்கிய நீரை மரங்களின் வேர்கள் உறிஞ்சி இலைகளுக்கு அனுப்ப, இலைகள் அதை ஆவியாக வெளியிடுகின்றன. நாம் நாள்தோறும் பார்க்கும் பால்மரமும் இச்சுழற்சியில் பங்குகொள்கிறது.

இருளோடு எழுந்து பால்வெட்டுக்குப் போவதன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. இரவில் இலைகள் ஆவியை மிகக் குறைவாகவே விடுகின்றன. அதனால் மரத்தினுள் நீரின் அழுத்தம் கூடி, பட்டையிலுள்ள பால்குழாய்கள் புடைத்து நிற்கின்றன. அந்நேரத்தில் வெட்டினால் பால் நன்கு ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கின்றன, அழுத்தம் குறைகிறது, பாலின் ஓட்டமும் தளர்கிறது. மழை குறைந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களையொட்டி மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது பால் குறைவதையும் நாம் நன்கு அறிவோம்.

அதிகாலை மழையும் அந்தி மழையும்

கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஓராண்டில் பெய்த மழை ஓடாமலும் வற்றாமலும் அப்படியே தேங்கி நின்றால், வளர்ந்த ஓர் ஆளை மூழ்கடித்துவிடும்!

இங்கு வழக்கமாகப் பகல் வெயிலில் நிலம் சூடேறி, ஆவி மேலெழுந்து, பிற்பகலில் இடியுடன் மழை பெய்கிறது. ஏப்ரல், அக்டோபர் மாதங்களையொட்டி இம்மழை மிகுதி. ஆனால், மே முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சில நாள்களில் இரவிலே மலாக்கா நீரிணைப் பக்கம் மேகங்கள் திரண்டு, விடியும் வேளையில் பலத்த காற்றோடு மேற்குக் கரையை வந்தடைகின்றன. சுமத்ரா தீவின் திசையிலிருந்து வருவதால் இக்காற்றைச் 'சுமத்ரா' என்றே அழைப்பர். பால்வெட்டை நிறுத்திவிடும் அதிகாலை மழைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மலையிலிருந்து துறைமுகம் வரை

தித்திவங்சா மலைச்சாரலில் விழும் மழை சிற்றோடைகளாக இறங்கிக் கிள்ளான் ஆறாகிறது. அதன் மேற்பகுதியில் 1958-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணை, தலைநகருக்குக் குடிநீர் தேக்கித் தருகிறது. பின்னர் இவ்வாறு, மஸ்ஜித் ஜாமெக் அருகே கோம்பாக் ஆற்றோடு கலக்கிறது. கோலாலம்பூர் பிறந்ததே இச்சங்கமத்தில்தான்.

அதற்குச் சற்றுக் கீழே பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஆறு ஓடுகிறது. 1881-ஆம் ஆண்டு தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பின்னர், மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அதற்கு வேண்டிய செங்கற்களை அறுத்துச் சுட்ட சூளைகள் இருந்த நிலமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது.

ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடிக் கிள்ளான் நகரைக் கடந்து, துறைமுகத்தருகே ஆறு கடலில் கலக்கிறது. அத்துறைமுகம் 1972-ஆம் ஆண்டு வரை சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று வழங்கியது. நம் முன்னோர் பலர் கப்பலை விட்டு இறங்கிய இடம் அது. அங்கே கடலில் சேரும் நீர் மீண்டும் ஆவியாகி, மேகமாகி, என்றேனும் ஒரு நாள் நம் தோட்டத்திற்கே மழையாகத் திரும்பி வரக்கூடும்.

வெள்ளமும் வறட்சியும் ஏன்?

சுழலும் நீரின் மொத்த அளவு பெரிதும் மாறுவதில்லை. ஆனால், அது எங்கே, எப்போது, எவ்வளவு விரைவில் வந்து சேர்கிறது என்பதே வாழ்வையும் தாழ்வையும் தருகிறது.

1971 ஜனவரியில் பெருமழையால் கிள்ளான் ஆறு கரைபுரண்டு கோலாலம்பூரை மூழ்கடித்தது. அதன் பின்னரே வெள்ளத் தடுப்புப் பணிகள் முனைப்புடன் தொடங்கப்பட்டன. பத்து அணை 1987-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. வெள்ளநீரைத் திருப்பிவிடும் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் 2007-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. எனினும், 2021 டிசம்பரில் பெய்த அடைமழையில் ஷா ஆலாம், கிள்ளான், உலு லங்காட் வட்டாரங்கள் நீரில் மூழ்கின.

இதே பள்ளத்தாக்கில், 1998-ஆம் ஆண்டு எல் நினோ வறட்சியால் அணைகளில் நீர் வற்றியது. பல மாதங்கள் குடிநீர் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது; தண்ணீர் லாரியின் முன்னே மக்கள் வாளிகளோடு வரிசை பிடித்தனர். 2014-ஆம் ஆண்டிலும் சிலாங்கூரில் பங்கீடு வந்தது.

காடு அடர்ந்த மலையில் மழைத்துளி நேரே மண்ணைத் தாக்குவதில்லை. இலைகளும் சருகுகளும் அதன் வேகத்தைத் தணிக்க, வேர்கள் திறந்த வழியே நீர் மண்ணுக்குள் இறங்கி, மழையில்லா நாள்களில் ஓடைகளில் மெல்லக் கசிந்து வருகிறது. காடு அழிந்து கல்லும் தாரும் மூடிய இடத்திலோ, பெய்த மழை உடனே ஓடிப் போய்விடுகிறது. ஆகவே, மழை நாளில் வெள்ளம் பெருகுகிறது; வெயில் நாளில் ஓடை வறள்கிறது. இரண்டு துன்பங்களுக்கும் இது ஒரு பொதுக் காரணமாகும்.

தோட்டம் கற்ற பாடம்

இந்த உண்மையைத் தோட்டங்கள் பட்டறிந்தே கற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பால்மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இல்லாமல் செதுக்கி வைப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் எனக் கருதப்பட்டது. விளைவு என்ன? மழை மேல்மண்ணை அரித்துச் சென்றது. ஈய வயல்களின் மணலோடு அந்த மண்ணும் சேர்ந்து ஆறுகளின் படுகையை மேடாக்கியது. பின்னர் மூடுபயிர்க் கொடிகளை வளர்ப்பது, சரிவுகளில் படிவரம்பு அமைப்பது, வண்டல் குழி வெட்டுவது ஆகிய முறைகள் பரவின. மண்ணைக் காக்கும் அக்கொடிகள் நீரையும் காத்தன.

நம் கையில் உள்ளவையும் பல. மூடுபயிரையும் வண்டல் குழிகளையும் தேவையற்றவை என எண்ணி அழிக்காதிருப்போம். களைக்கொல்லி தெளித்த தோம்புகளை ஓடையில் கழுவாதிருப்போம். அதே ஓடை கீழே மற்றொருவரின் குடிநீராகலாம். கால்வாயில் குப்பை கொட்டாதிருப்போம். கூரையில் விழும் மழைநீரைப் பிடித்துத் துணி துவைக்கவும் செடிகளுக்கு ஊற்றவும் பயன்படுத்துவோம். நீர் சேர்த்த தொட்டிகளை மூடி வைத்தால், டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அவற்றில் பெருகாது. ஓடை நீரையோ கிணற்று நீரையோ பருக நேர்ந்தால் கொதிக்க வைத்தே பருகுவோம்.

நாளை விடியற்காலையில் மழை கொட்டி வேலை நின்றுபோனால் வருத்தம் ஏற்படுவது இயல்பே. ஆயினும், அன்று நம் தோட்டத்து மண்ணில் இறங்கும் மழையே வரும் நாள்களில் மரத்தில் பாலாகவும் ஓடையில் நீராகவும் நம்மிடம் திரும்பி வரும் என்பதை நினைவிற் கொள்வோம். அது மண்ணில் இறங்குவதும் வீணே ஓடிப்போவதும் பெரிதும் நாம் நிலத்தைப் பேணும் முறையையே பொறுத்திருக்கிறது.