கதவு திறந்தால் படம் என்ன ஆகும்?

அன்புள்ள தம்பிக்கு,

கொச்சியின் காக்கநாட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு அலமாரியிலும் பெட்டியிலும் படம் எழுதித் தரும் தொழிலில் இறங்கியிருக்கிறாய். கோடு உன் கைக்கு வசப்பட்டுவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களை முதலில் இழுப்பது மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியம்தான். அதை அப்படியே அலமாரிக் கதவில் இறக்கிவிடத் தோன்றும். அங்கேதான் எனக்கு வழக்கு. அரண்மனைப் பள்ளியறையின் இராமாயணம் அசையாத சுவருக்காக எழுதியது. இரட்டைக் கதவின் நடுவே சீதையை எழுதினால், சட்டை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவள் முகம் இரண்டாகப் பிளக்கும். மரச்சாமானின் படம் அந்தச் சாமான் செய்யும் வேலையிலிருந்து பிறக்க வேண்டும் என்பது என் கட்சி.

மலையாள வீடுகளில் நகை வைத்திருந்த நெட்டூர் பெட்டியைப் பார். கூரைபோல எழும் மூடி, பித்தளைப் பட்டைகள், அரக்குப் பூச்சு. மூடியின் சாய்வும் பட்டைகளின் ஓட்டமும் பூவேலைக்கு முன்பே இடம் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. ராஜஸ்தானில் சித்தோர்கர் பக்கத்து பஸ்ஸி ஊர்த் தச்சர்கள் செய்யும் காவட் இன்னும் ஒரு படி மேல். கையில் தூக்கிச் செல்லும் மரக்கோயில் அது; பலகைகள் கீலில் மடியும். கதைசொல்லி ஒவ்வொரு கதவாகத் திறக்கத் திறக்கக் கதை நகரும். எல்லாக் கதவுகளும் திறந்த பிறகே உள்ளே இராமனும் சீதையும் இலட்சுமணனும் தெரிவார்கள். கீலைக் கழற்றிவிட்டால் அங்கே கதையே கிடையாது.

தேக்கும் ஈட்டியும் விளையும் நாட்டில் மரத்தை வண்ணத்தால் மறைக்கலாமா என்று கேட்பார்கள். நல்ல ஈட்டிப் பலகை கிடைத்தால் அவர்கள் சொல்வதே சரி. அதில் தூரிகை வைக்காதே. ஆனால் வண்ணச் சாமான் பெரும்பாலும் எளிய மரத்தின் கலை. ஆல்ப்ஸ் மலைநாட்டு விவசாயிகள் மலிவான பைன் பலகையில்தான் பூ எழுதினார்கள். குஜராத்தின் சங்கேடாவில் தேக்குக்கே அரக்கு வண்ணம் ஏற்றுகிறார்களே என்றால், அங்கேயும் கடைசல் பிடித்த காலின் திரட்சியும் வளைவும்தான் கோலத்தை முடிவு செய்கின்றன. இன்னொரு கேள்வி, அயலூர்க் கோலத்தை எடுக்கலாமா என்பது. 1663 முதல் 1795 வரை கொச்சியைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்களின் நாட்டில் ஹிந்தலோபன் என்றொரு துறைமுக ஊர் உண்டு. பூவும் சுருள்கொடியும் எழுதிய மரச்சாமான்களுக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்ப் பெண்களின் மேலாடைக்குத் துணி நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டி! கோலம் எப்போதும் கப்பல் ஏறியே வந்திருக்கிறது. எடுத்துக்கொள், உன் பலகைக்கு ஏற்ப மாற்று.

அச்சிட்ட லேமினேட் விலையில் உன்னைத் தோற்கடிக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். அதற்கு முடியாதது ஒன்றே: இந்த அலமாரியின் கைப்பிடி எங்கே, எந்த மூலையை நாளெல்லாம் கை உரசும் என்று பார்த்து எழுதுவது. உரசும் இடத்தில் கெட்டியான ஒற்றை நிறம் போடு. நுணுக்கத்தைக் கை படாத நடுப்பலகைக்கு வைத்துக்கொள். கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. மரம் அகலவாக்கில் உப்பும், வெயிலில் சுருங்கும்; பலகைகள் சேரும் பொருத்தின் மேல் கண்ணோ முகமோ வந்தால் விரிசல் அங்கேதான் முதலில் விழும். உப்புத்தாளால் தேய்த்துப் புதியதைப் பழையதாக்கும் வித்தை மட்டும் வேண்டாம். அந்தத் தேய்மானம் அந்த வீட்டாரின் கை இருபது வருடம் செய்ய வேண்டிய வேலை; அதை நீ திருடாதே.

அடுத்த அலமாரி வந்ததும் தூரிகையை ஒரு நாள் தள்ளி வை. அன்று முழுக்கத் திறந்து மூடிப் பார். எழுதி முடித்தபின் இழுப்பறையின் அடியில் உன் பெயரையும் ஆண்டையும் போடு.