முடியாததும் தராததும்

அன்புள்ள தம்பிக்கு,

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனன் 600டி-யில் மேஜிக் லான்டர்ன் என்ற நிரலைப் போடலாமா, போட்டால் கேமரா செத்துவிடுமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டாவதற்குப் பதில் கீழே வரும். அதற்கு முன் நீ கேட்காத ஒன்றைப் பேச வேண்டும். கேமரா ஒரு வேலையைச் செய்ய மறுக்கிறது என்றால், அந்த மறுப்பு எங்கே இருக்கிறது? சென்சாரிலும் சிப்பிலுமா, அவற்றை ஏவும் ஃபர்ம்வேரிலா? முன்னது முடியாதது, பின்னது தராதது. இந்தப் பிரிவினை பிடிபடாமல் ஃபர்ம்வேரில் கை வைத்தால் நேரம்தான் வீணாகும்.

2008 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 5டி மார்க் 2-வை எடுத்துக்கொள். ஸ்டில் கேமராவில் முழு எச்டி வீடியோ என்று உலகமே கொண்டாடிய கேமரா. ஆனால் முதலில் வீடியோவில் அப்பர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்தது. நொடிக்கு 30 ஃப்ரேம்தான் கிடைத்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டரை 1/50-இல் நிறுத்த முடிந்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு வெளிச்சம் விழும். படம் அசையாமல் நிற்கும். கேமரா தானாக 1/60-க்குப் போய்விட்டால் ஒன்றே முக்கால் துடிப்புக்கும் குறைவாகத்தான் விழும். கல்யாண மண்டபச் சுவரில் மங்கலான பட்டைகள் ஊர்ந்துபோகும். 2009 ஜூனில் கேனனே புது ஃபர்ம்வேர் கொடுத்து மூன்றையும் கையால் வைக்க விட்டது. 2010 மார்ச்சில் இன்னொன்று வந்தது: 24, 25 ஃப்ரேமும், ஒலி அளவைக் கையால் வைக்கும் வசதியும். கேமராவுக்குள் ஒரு திருகுகூட மாறவில்லை. மறுப்பு எங்கே இருந்தது என்பதற்கு உற்பத்தியாளரே கொடுத்த வாக்குமூலம் இது.

இடைப்பட்ட 2009-இலேயே டிராமெல் ஹட்சன் என்ற அமெரிக்க நிரலாளர் அதே கேமராவுக்கு மேஜிக் லான்டர்னைத் தொடங்கிவிட்டார். கேனனின் சின்ன கேமராக்களுக்கு சி.எச்.டி.கே. என்ற நிரல் அதற்கும் முன்பே இருந்தது. இவை கேனனின் ஃபர்ம்வேரை அழித்துவிட்டு உட்காருபவை அல்ல. மேஜிக் லான்டர்னுக்காகக் கேமராவுக்குள் ஒரு சின்ன குறி மட்டும் மாற்றப்படும்: ஆன் ஆகும்போது மெமரி கார்டில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார், இருந்தால் அதையும் ஏற்று. மற்றதெல்லாம் கார்டில்தான் இருக்கும். உற்பத்தியாளரின் அந்த வாக்குமூலத்தைவிட வலுவான சான்று 50டி. அது வீடியோவே இல்லாமல் விற்கப்பட்ட கேமரா, மைக்கூடக் கிடையாது. ஆனால் உள்ளே இருந்தது 5டி மார்க் 2-வில் உள்ள அதே டிஜிக் 4 தலைமுறைச் சிப். மேஜிக் லான்டர்ன் அதில் வீடியோவை எடுத்துக் காட்டியது. சத்தம் வராது, அது முடியாதது. படம் வந்தது, அது தராதது. ஒரே கேமராவில் இரண்டும்!

உன் 600டி-யில் எல்லை எங்கே என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 2013-இல் மேஜிக் லான்டர்ன்காரர்கள் சென்சார் தரும் 14 பிட் ரா படங்களை அழுத்தாமல் அப்படியே கார்டில் எழுத வழி கண்டார்கள். ஒரு முழு எச்டி ஃப்ரேம் 1920க்கு 1080 புள்ளி. புள்ளிக்கு 14 பிட் என்றால் ஏறத்தாழ 3.6 எம்.பி. நொடிக்கு 25 ஃப்ரேமுக்கு 90 எம்.பி. வேகமான சி.எஃப். கார்டு போட்ட 5டி மார்க் 3 இதைத் தாங்கியது. உன் கேமராவின் எஸ்.டி. கார்டு வழி நொடிக்கு 20 எம்.பி. அளவில்தான் எழுதும். எவ்வளவு விலையுயர்ந்த கார்டு போட்டாலும் அந்த வழி அகலமாகாது. சில நொடியில் நினைவகம் நிரம்பி நின்றுவிடும். ஆகவே ரா வீடியோ ஆசையை இந்தக் கேமராவில் விட்டுவிடு. கூசிப்போன இடத்தைக் கோடு போட்டுக் காட்டும் ஸீப்ரா, ஃபோகஸ் விழுந்த விளிம்பை நிறம் தீட்டிக் காட்டும் பீக்கிங், ரெக்கார்டு ஓடும்போதே ஹிஸ்டோகிராம் – இவை கணக்கு வேலைகள். சிப்பால் முடியும், ஃபர்ம்வேர் தரவில்லை. மண்டபத்தில் மணப்பெண்ணின் வெள்ளைப் பூவும் நகையும் எரிந்துபோகாமல் எடுப்பவனுக்கு ராவைவிட ஸீப்ராதான் சோறு போடும்.

நிறுவனம் தராததை நாமாக எடுப்பது தப்பில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். விலை அடுக்குகளைக் காப்பாற்றச் சில வசதிகளை மறைக்கிறார்கள் என்பது பாதிதான் உண்மை. சூடு, பேட்டரி, வாரண்டி என்று லட்சக்கணக்கான கேமராக்களுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்பவர்கள் அவர்கள். சில தடைகள் வரியிலிருந்தும் வந்தவை: 30 நிமிடம் தாண்டிப் பதிவு செய்யும் கருவியை ஐரோப்பியச் சுங்கம் வீடியோ கேமராவாக எண்ணி 4.9 சதவீதம் வரி போட்டது; 29 நிமிடம் 59 நொடியில் கேமராக்கள் நின்றது அதனால்தான். நம் சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படி. முறைப்படி கையில் உள்ள நிரலின் அடிப்படைக் கருத்தை அறிய அதன் இயக்கத்தை ஆராய்வதையும், தனியாக எழுதிய நிரல் அதனோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவலை, வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, பெறுவதையும் அது மீறலாகக் கொள்வதில்லை. கேனனின் நிரலையே நகலெடுத்து விநியோகிப்பது வேறு கதை.

இன்னொரு எதிர்வாதம் எனக்கே பிடித்தது. பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ 2012-இல் வந்தது. விஜய் மில்டன் அதைக் கேனன் 7டி-யில் எடுத்தார். தமிழில் சிறந்த படம் என்ற தேசிய விருதும் வாங்கியது. கேமரா கொடுத்ததே போதாதா? படம் எடுக்கப் போதும். ஆனால் எதைக் கொடுக்கவில்லை என்று அறிந்தவர்தான் கொடுத்ததன் ஓரம்வரை போய் வேலை வாங்குவார். ஃபர்ம்வேரைத் தொடாதவருக்கும் அந்த அறிவு வேண்டும்.

தராதது என்பது கேமராவோடு நிற்பதில்லை. நம் ஊருக்குப் பக்கத்துப் போச்சம்பள்ளியில் செய்யப்படும் ஓலா ஸ்கூட்டர் முதலில் க்ரூஸ் கண்ட்ரோல் இல்லாமல் கைக்கு வந்தது. அந்த வசதி 2022-இல் மென்பொருள் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு வண்டியிலும் கை வைக்கத் தோன்றும். ஓசூர்ப் பக்கம் பைக் இன்ஜினை ஏவும் ஈ.சி.யு.-வை ரீமேப் செய்யும் பேச்சு உன் காதிலும் விழும். இந்த வாதத்தை அங்கே கொண்டுபோகாதே. கேமரா பிசகினால் உன் படம் கெடும். வண்டி பிசகினால் எதிரே வருபவன் விழுவான்.

இனி உன் இரண்டாவது கேள்வி. சாகும் அபாயம் குறைவு, இல்லாமல் இல்லை. யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். மெனுவில் ஃபர்ம்வேர் எண் 1.0.2 என்று இருக்கிறதா பார். அதற்கென்றே கட்டப்பட்ட கோப்பைத் தவிர வேறெதையும் போடாதே. பேட்டரி முழுதாக இருக்கட்டும். நடுவில் கார்டுக் கதவைத் திறக்காதே. உறைந்துவிட்டால் பதறாமல் பேட்டரியைக் கழற்றி மாட்டு. பெரும்பாலும் அதுவே போதும். பிட்ரேட்டை ஏற்றிப் பார்க்க ஆசை வந்தால் வீட்டில் அரை மணி நேரம் ஓடவிட்டு, எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள். மத்தூரிலோ சிங்காரப்பேட்டையிலோ காசு வாங்கிக்கொண்டு முகூர்த்தம் எடுக்கப் போனால், ஸீப்ராவும் பீக்கிங்கும் தவிர எல்லாவற்றையும் அணைத்து வை. தாலி இன்னொரு முறை கட்ட மாட்டார்கள். மேஜிக் லான்டர்ன் இல்லாத சாதாரண கார்டு ஒன்றும் பையில் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்