மீன் தொட்டியின் நீர்மட்டத்திற்கு மேல் கரையோரச் செடிகள்

பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் வட்டாரத்தில் பல வீடுகளில் இன்று கண்ணாடி மீன் தொட்டி இருக்கிறது. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்க, காரைக்குடியில் வாங்கி வந்து வைக்கிறோம். இரண்டு மாதத்தில் தண்ணீர் பச்சை நிறமாகிறது. பிறகு மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கின்றன. கடைசியில் தொட்டி மாட்டுக்கொட்டகை மூலைக்குப் போய்விடுகிறது. நெல்லுக்கு நீர் கட்டத் தெரிந்த உழவருக்கு இந்த நிலை வர வேண்டியதில்லை. வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் தாமாக வளரும் சில செடிகளை, வேர் நீரிலும் இலை காற்றிலும் இருக்குமாறு தொட்டியின் விளிம்பில் வளர்த்தால், பெரும்பாலான தொல்லை தீரும்.

காரணம் எளியது. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் இதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வயலில் நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தும் இதேதான். ஆகவே மீன் தொட்டி என்பது நாள்தோறும் மேலுரம் விழும் ஒரு சிறிய வயல். அறுவடை இல்லாத வயலில் பாசிதான் விளையும்.

நீருக்குள் மூழ்கிய செடி இந்தச் சத்தை எடுக்காதா என்று கேட்கலாம். எடுக்கும், ஆனால் மெதுவாக. செடி வளரக் கரியமில வாயு வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையைக் காற்றில் நீட்டிக்கொண்ட செடிக்கு இந்தத் தடை இல்லை. அதனால் அது வேகமாக வளர்ந்து, நீரிலுள்ள தழைச்சத்தை வேர் வழியாக இழுத்துவிடுகிறது. சேற்றில் நிற்கும் நெல்லைப் போலவே இச்செடிகளின் தண்டிலும் காற்றறைகள் உண்டு. இலையிலிருந்து காற்று வேருக்கு இறங்குவதால் வேர் அழுகுவதில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மேலே வளரும் இலை தன் பிராணவாயுவைக் காற்றில்தான் விடும், தண்ணீரில் அல்ல. எனவே நீருக்குள் சிறிது வேலம்பாசியோ, சிறிய காற்றுப் பம்போ கட்டாயம் இருக்க வேண்டும்.

தொட்டி அமைத்தல்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி போதுமானது. விளிம்பிலிருந்து 3 அங்குலம் விட்டு நீர் நிரப்பினால் சுமார் 42 லிட்டர் பிடிக்கும். இந்த 3 அங்குலம்தான் செடிகளுக்கான கரை. பின்பக்கக் கண்ணாடியில், அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட 4 அங்குல ஆழமுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களைக் கம்பிக் கொக்கியால் தொங்கவிடுங்கள். துருப்பிடிக்கும் கம்பியும் செம்புக் கம்பியும் ஆகா. செம்பு மீனுக்குக் கெடுதல். டப்பாவின் அடிப்பாகம் 2 அங்குலம் நீருக்குள் இருக்கட்டும். டப்பாவில் உள்ள கல்லின் மேல்மட்டம் நீர்மட்டத்திற்கு மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மீன் எட்டாத அந்த இடத்தில் கொசு முட்டையிடும்.

டப்பாவை நிரப்ப உடைந்த நாட்டு ஓட்டுச் சில்லே சிறந்தது. நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கிறதே என்று ஆத்தங்குடிப் பூக்கல் உடைசலைப் போட்டுவிடாதீர்கள். அது சிமெண்டால் செய்வது. நீரில் சுண்ணாம்புத் தன்மையை ஏற்றும், சாயமும் இறங்கலாம். கூழாங்கல் போடுவதானால் அதன்மேல் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுக்கான் கலந்த கல், வேண்டாம். சுண்ணாம்புத் தன்மை மிகுந்த நீரில் அம்மோனியாவின் நஞ்சு கூடும் என்பதால்தான் இத்தனை எச்சரிக்கை. வயல் மண்ணும் தொழுவுரமும் தொட்டிக்குள் கூடவே கூடாது.

இடம் தேர்வதில் பழைய செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் காலை வெயில் ஒரு மணி நேரம் விழுந்து, பிறகு வெளிச்சம் மட்டும் இருக்கும் இடம் பொருத்தமானது. உச்சி வெயில் படும் இடத்தில் இந்த அளவுத் தொட்டி விரைவில் சூடேறிவிடும். சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரைவதால் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

எந்தச் செடிகள்?

முதலிடம் நீர்ப்பிரமிக்கு. வாய்க்கால் ஓரத்தில் படர்ந்து, சதைப்பற்றான சிறிய இலைகளுடன் இருக்கும். நான்கு விரல் நீளத் தண்டுகளாகக் கிள்ளி, டப்பாவுக்கு ஐந்தாறு செருகினால் கணுவுக்குக் கணு வேர்விடும். விளிம்பில் தொங்கி வளர்ந்து, வெளிறிய சிறு பூக்களைப் பூக்கும். நீருக்குள் மூழ்கி வளரும்போது இப்படிப் பூப்பதைக் காண்பது அரிது.

நாட்டுப் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் அடுத்தவை. பொன்னாங்கண்ணி வேகமாக வளர்வதால் சத்தையும் அதிகமாக எடுக்கும். வாரம் ஒருமுறை கிள்ளிவிட வேண்டும். வல்லாரை ஓடுதண்டுகளை நீர்ப்பரப்பின் மேல் நீட்டும். நிழல் சற்று அதிகமுள்ள தாழ்வாரத்திற்கு அதுவே ஏற்றது. நெல் வயலில் களையாக எடுத்தெறியும் ஆரையும் இங்கே அழகாக இருக்கும். நீர் ஆழமானால் இலை மிதக்கும், கரையில் நட்டால் நான்கு இதழ்க் குடைபோல நிமிர்ந்து நிற்கும். சிறிய சேப்பங்கிழங்கு ஒன்றை ஓரத்தில் வைத்தால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகச் சத்து இழுக்கும். ஆனால் இலை பெரிதாகி வெளிச்சத்தை மறைக்கும் என்பதால் ஒன்றுக்கு மேல் வேண்டாம். நீர்முள்ளியை விட்டுவிடலாம், முள் பிள்ளைகள் கையைக் கிழிக்கும்.

கடையில் வாங்கும் கிரிப்டோகோரைன் வகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவற்றில் வெண்டியை போன்றவை இலங்கையின் ஓடைக் கரைகளுக்கு உரியவை. வணிகப் பண்ணைகளில் இவற்றைப் பெரும்பாலும் நீருக்கு மேலேயே வளர்க்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மூழ்க நட்டதும் பழைய இலைகள் கரைந்து அழுகும். செடி செத்துவிட்டது என்று பலர் பிடுங்கி எறிகிறார்கள். காற்றில் உண்டான இலை நீருக்குப் பொருந்தாமல் உதிர்கிறது, அவ்வளவுதான். கிழங்கு உறுதியாக இருந்தால் சில வாரங்களில் புதிய இலை வரும். இதற்கு நேர்மாறாக, நீருக்குள் வளர்ந்த செடியை மேலே ஏற்றினால், மென்மையான இலைகள் சில மணி நேரத்தில் வாடும். பத்து நாள் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாகத் திறந்து பழக்க வேண்டும். சித்திரை, வைகாசி வறட்சியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஐப்பசி மழைக்குப் பின் தை வரை உள்ள ஈரக்காற்றுக் காலமே உகந்தது.

வயலிலிருந்து எடுக்கும்போது

அண்மையில் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடித்த வயலின் வரப்பிலிருந்து செடி எடுக்கக் கூடாது. ஒரு பிடி செடியோடு வரும் மருந்து ஒரு தொட்டி மீனையும் கொல்லப் போதும். நல்ல இடத்தில் எடுத்ததையும் மண் போகக் கழுவி, வெளிர் இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரில் 10 நிமிடம் நனைத்து அலசுங்கள். பிறகு இரண்டு வாரம் தனி வாளியில், நீரை மாற்றி மாற்றி வைத்திருந்து தொட்டியில் சேருங்கள். நத்தை முட்டையும் அட்டையும் பெரும்பாலும் இதில் கழிந்துவிடும்.

பராமரிப்பு

செடி வேரூன்றிய பிறகு மீன் விடுங்கள். இந்தத் தொட்டிக்குக் கப்பி மீன் பத்து போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி, நாளைக்கு இருமுறை. ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு தொட்டியிலேயே தங்கிச் சேரும். எனவே 15 நாளுக்கு ஒருமுறை கால்பங்கு நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் விட வேண்டும். எடுத்த நீரைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஊற்றலாம். குளோரின் கலந்த குழாய்நீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

இலை வெளுத்தால் யூரியாவைத் தூவும் எண்ணம் வரும். ஒரு சிட்டிகைகூட வேண்டாம். அது அம்மோனியாவாக மாறி மீனைக் கொல்லும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. டப்பாவை வெளியே எடுத்து, லிட்டருக்கு 2 கிராம் அன்னபேதி கரைத்து இலையில் மட்டும் படும்படி மாலையில் தெளியுங்கள். மறுநாள் நல்ல நீரில் அலசித் திரும்ப மாட்டுங்கள். அசுவினி வந்தால் மருந்தை எடுக்க வேண்டாம், வேப்பெண்ணெய்க் கரைசலும் வேண்டாம். தளிரை வளைத்து நீரில் அமுக்கி வைத்தால் கப்பிகள் பூச்சியைத் தின்றுவிடும்.

தொட்டியில் வளர்ந்த கீரையைப் பச்சையாக உண்ண வேண்டாம். மீன்நோய்க்கு மருந்து போட்ட தொட்டியின் கீரை சமைத்தும் உண்ணத் தகாதது.

கழித்த செடிகளை எங்கே போடுவது?

இதில்தான் அதிகக் கவனம் தேவை. நம் ஊர்களில் ஊருணி குடிநீருக்காக வெட்டப்பட்டது. தொட்டியைக் கழுவிய நீரையும் கிள்ளிய செடியையும் அதிலோ கண்மாய் வரத்துக்காலிலோ கொட்டினால் விளைவு ஊர் முழுவதையும் தாக்கும். ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. அழகுச் செடியாக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திற்கு வந்து, நாடெங்கும் நீர்நிலைகளை மூடிவிட்டது. கேரளத்தின் வயல்களையும் கால்வாய்களையும் அடைத்த ஆப்பிரிக்கன் பாயலைக் கட்டுப்படுத்த 1980-களில் அதைத் தின்னும் கூன்வண்டை விட வேண்டியிருந்தது. ஒரு துண்டுத் தண்டிலிருந்து மீண்டும் முளைக்கும் செடிகள் இவை. மேலே நாட்டுச் செடிகளையே பெரிதும் பரிந்துரைத்ததற்கு இதுவும் காரணம். கடையில் வாங்கிய வெளிநாட்டுச் செடியின் துண்டுகளை வெயிலில் சருகாகக் காய வைத்து, அதன்பின் எருக்குழியில் போடுங்கள். வேண்டாத மீனையும் நீர்நிலையில் விடக் கூடாது.

செடிகள் பெருகினால் விற்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. வண்ண மீன் வாணிபத்திற்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் நீர்ச்செடிகளும் விலைபோகின்றன. ஆனால் வாங்குபவர் யார் என்று தெரியாமல் பாத்தி கட்ட வேண்டாம். வேர்பிடித்த பத்து டப்பாக்களை முதலில் காரைக்குடியில் மீன் தொட்டி விற்கும் கடைகளில் காட்டி, என்ன வகை, என்ன உயரத்தில் கேட்கிறார்கள் என்று அறிந்துகொண்டு, கிணற்றடி நிழலில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் தொடங்குங்கள். புதிய சிமெண்டுத் தொட்டியானால் இரண்டு மூன்று வாரம் நீர் நிரப்பி, வடித்து, மீண்டும் நிரப்பிச் சுண்ணாம்பு இறங்கிய பிறகே செடியை வைக்க வேண்டும்.