வெயில் பாத்தியில் என்ன நடலாம்?

கேள்வி: வீட்டுக்குத் தெற்கே கிடந்த காலியிடத்தில் செங்கல் வைத்து இரண்டு மேட்டுப்பாத்தி கட்டியிருக்கிறோம். ஒவ்வொன்றும் 12 அடி நீளம், 4 அடி அகலம், இரண்டரை அடி உயரம். காலையிலிருந்து சாயங்காலம் வரை முழு வெயில். பங்குனியில் நர்சரியிலிருந்து ரோஜா, கனகாம்பரம், கொத்தமல்லி, தக்காளி எல்லாம் வாங்கி நட்டோம். தினமும் தண்ணீர் விட்டும் சித்திரை முடிவதற்குள் பாதி கருகிவிட்டது. வீட்டுக்காரருக்குக் காய்கறி வேண்டும். அத்தைக்கு மல்லிகையும் ஒரு முருங்கையும் வேண்டும். எதை நடலாம்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: நீங்கள் தண்ணீர் விட்டது உண்மை. அது வேரில் நின்றதா என்பதுதான் சந்தேகம். மத்தியானம் மூன்று மணிக்குப் பாத்தியின் ஓரத்தைப் பாருங்கள். வெயிலில் செங்கல் சுட்டு, மண் சுருங்கி, சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டிருக்கும். ஊற்றும் தண்ணீர் அந்த வழியாக நேரே அடிக்கு ஓடிவிடும். மேல்மண் நனைந்த மாதிரி தெரியும், வேர் காய்ந்து கிடக்கும். செம்மண்ணும் நன்றாக மக்கிய தொழு உரமும் சேர்த்து, ஓரங்களைக் கையால் அமுக்கிவிடுங்கள். மேலே இரண்டு மூன்று அங்குலத்துக்கு வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்காகப் போடுங்கள். மூடாக்கு இல்லாமல் இந்தப் பாத்தியில் எதையும் நடாதீர்கள்.

இனி செடிக்கு வருவோம். கனகாம்பரத்துக்குக் கொஞ்சம் நிழல் வேண்டும். அதை ஏதாவது மர நிழலுக்கு மாற்றிவிடுங்கள். கொத்தமல்லி வெயிலில் இலை விடாமல் பூத்துவிடும், அதைக் கார்த்திகைக்குப் பிறகு விதையுங்கள். முருங்கையைப் பாத்தியில் வைக்கவே வேண்டாம், வேர் பருத்துச் சுவரைப் பிளந்துவிடும். தரையில் தள்ளி வைத்தால் அத்தைக்கும் பறிக்க வசதி.

ஒரு பாத்தியை மல்லிகைக்கே கொடுத்துவிடுங்கள். முழு வெயிலும் தண்ணீர் தேங்காத செம்மண்ணும் அதற்குப் பிடித்தவை. உங்கள் ஊர் மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. புதருக்குப் புதர் நான்கடி இடைவெளி வேண்டும் என்பதால் மூன்று புதருக்கு மேல் ஆசைப்படாதீர்கள். புதர் சின்னதாக இருக்கும்வரை நடுவில் சிறுகீரை தூவலாம். கார்த்திகையில் ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டிவிட்டால் பங்குனியிலிருந்து பூ வரும். வருஷக்கணக்கில் நிற்கும் செடி இது. மூன்று மாதத்தில் பிடுங்கப்போகும் காய்கறியோடு கலந்து நட்டால் ஒவ்வொரு முறை மண்ணைக் கிளறும்போதும் மல்லிகையின் வேர் அறுபடும்.

அடுத்த பாத்தி உங்கள் வீட்டுக்காரருக்கு. வெண்டை, கொத்தவரை, கத்தரி, மிளகாய், காராமணி இவை வெயிலில் தளராதவை. கத்தரி காய்த்து ஓய்ந்ததும் பிடுங்க வேண்டாம். தண்டை வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். உயரமாக வளரும் வெண்டையை மேற்கு ஓரத்தில் போடுங்கள். பிற்பகல் வெயிலை அது மறைக்க, அதன் கிழக்கே அரைக்கீரை நிம்மதியாக வளரும். கொடிக்காலில் வெற்றிலைக்கு அகத்தி நிழல் கொடுப்பது இப்படித்தான். சுவரையொட்டிய சூடான ஓரத்தில் பருப்புக்கீரையும் நித்தியகல்யாணியும் தாக்குப்பிடிக்கும். நடுவில் நாலைந்து செண்டுமல்லி வைத்தால் வேரைத் தாக்கும் நூற்புழு குறையும். தக்காளி போட்ட இடத்தில் அடுத்த பட்டத்துக்குக் கத்தரியோ மிளகாயோ போடாமல் காராமணி போடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மற்றதற்கும் வரும். காராமணியோ மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும்.

ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இன்றே மண்ணை மாற்றி நனைத்துவையுங்கள். சில அங்குலம் இறங்கும். இறங்கியதை நிரப்பிய பிறகே விதைக்க வேண்டும். ஆடிப்பெருக்கன்று வெண்டை போட்டால் புரட்டாசி முதல் வாரத்தில் காய் பறிக்கலாம்.