வரைபடத்துக்கும் மீச்சிற்றளவு உண்டு

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்குப் பேருந்தில் செல்லும்போது ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கைப்பேசியின் மேல் மூலையில் அலை வலிமையைக் காட்டும் கோடுகள் தெரியும் அல்லவா? ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அவற்றை எண்ணி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஓசூர் நகருக்குள் கோடுகள் நிறைந்திருக்கும். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, காட்டு மலைப்பாதை வளைந்து இறங்கத் தொடங்கியதும் அவை கூடும், குறையும். சில வளைவுகளில் அறவே மறைந்தாலும் வியப்பில்லை.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். அரசு பல்லாயிரம் கோடி ரூபாயை எந்த ஊருக்குச் செலவிடுவது என்று முடிவு செய்வதற்கு ஒரு வரைபடம் வேண்டும். உங்கள் நோட்டில் உள்ளது அத்தகைய வரைபடத்தின் ஒரு சிறு துண்டு.

2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் கைப்பேசிக்கு வந்தன. அப்போது மலையோர ஊர்களின் பிள்ளைகள் பாறைகள் மீதும் மரங்கள் மீதும் ஏறி அலையைத் தேடியதை நாம் அறிவோம். இணையம் உள்ள ஊர் பச்சை, இல்லாத ஊர் சிவப்பு என்று வரைபடத்துக்கு வண்ணம் தீட்டினால் அந்தப் பிள்ளைகளின் ஊர் எந்த நிறத்தில் இருக்கும்? சிவப்பு என்றுதானே சொல்வீர்கள்? பச்சையாகவும் இருக்கக்கூடும்! அது எப்படி என்று காண்போம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

தொலைபேசி நிறுவனங்கள் இலாபம் தரும் இடங்களில் தாமாகவே கோபுரங்களை நிறுவுகின்றன. ஆலைகள் நிறைந்த ஓசூருக்கு யாரும் பரிந்துரைக்க வேண்டியதில்லை. நாற்பது வீடுகள் கொண்ட மலைக் குடியிருப்புக்கு அவை தாமாக வருவது அரிது. இந்தக் குறையைப் போக்க மத்திய அரசு 2002-இல் ஒரு நிதியை ஏற்படுத்தியது. நிறுவனங்களின் வருவாயில் ஒரு பகுதி தீர்வையாக இந்த நிதிக்குச் செல்கிறது. நாம் கட்டும் கட்டணமே அந்த வருவாய் என்பதால், இதில் நம் ஒவ்வொருவரின் பங்கும் உண்டு எனலாம். 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இதற்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர் மாற்றியது.

நாட்டின் சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்றது. அதுவே பின்னர் 'பாரத்நெட்' ஆயிற்று. தமிழ்நாட்டில் இதன் இரண்டாம் கட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு 'டான்ஃபிநெட்' என்னும் மாநில அரசு நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. 12,525 ஊராட்சிகளுக்கும் வினாடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் இணைப்புத் தருவது இதன் இலக்கு. இவற்றுள் 333 ஊராட்சிகள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளன.

இங்கே கவனியுங்கள். இத்திட்டத்தின் அலகு ஊராட்சி. ஊராட்சியைத் தொட்டுவிட்டால் ஊரையே தொட்டுவிட்டதாகுமா?

மீச்சிற்றளவு

ஆய்வுக்கூடத்தில் மீட்டர் அளவுகோலால் ஒரு மெல்லிய கம்பியின் விட்டத்தை அளக்க முயன்றால் என்ன ஆகும்? அளவுகோலின் மீச்சிற்றளவு 1 மில்லிமீட்டர். அதைவிட நுண்ணியது அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவேதான் 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கும் திருகு அளவியை நாடுகிறோம். வரைபடத்துக்கும் இப்படி ஒரு மீச்சிற்றளவு உண்டு.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளில் 79,395 குடியிருப்புகள் இருப்பதாக ஊரக வளர்ச்சித் துறை கணக்கிட்டுள்ளது. வகுத்துப் பாருங்கள்: ஓர் ஊராட்சிக்குச் சராசரியாக ஆறுக்கும் மேல். 6 குடியிருப்புகளும் 600 வீடுகளும் கொண்ட ஒரு கற்பனை ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். ஊராட்சி அலுவலகம் உள்ள குடியிருப்பில் 250 வீடுகள். மற்றவற்றில் முறையே 100, 80, 70, 60, 40 வீடுகள். முதல் மூன்று குடியிருப்புகளில் அலை கிடைக்கிறது. மற்ற மூன்றில் இல்லை.

ஊராட்சியை அலகாகக் கொண்டால் முழுவதும் பச்சை. இணையம் இல்லாத வீடுகள் பூஜ்யம்! குடியிருப்பை அலகாகக் கொண்டால் இல்லாத வீடுகள் 170. வீட்டையே அலகாகக் கொண்டு அளந்தபோது, முதல் மூன்று குடியிருப்புகளிலும் பாறைகளுக்குப் பின்னால் அமைந்த 50 வீடுகளுக்கு அலை எட்டவில்லை என்று தெரியவந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது விடை 220. ஊர் மாறவில்லை, கோபுரம் மாறவில்லை. அளவுகோல் மட்டுமே மாறியது. முதல் வரைபடத்தை நம்பிப் பணம் ஒதுக்கினால் அந்த 220 வீடுகளுக்கு ஒரு காசும் வராது.

குன்றின் நிழல்

எல்லா வீடுகளுக்கும் சென்று அளப்பது எளிதன்று. ஆகவே பல வரைபடங்கள் கணிப்பொறியால் கணக்கிடப்படுகின்றன. கோபுரத்தின் உயரம், அலையின் திறன், அதிர்வெண், நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றைக் கொடுத்தால் அலை எங்கெங்கே எட்டும் என்று கணிப்பொறி சொல்லிவிடும்.

வெட்ட வெளியில் தொலைவு இரு மடங்கானால் அலையின் செறிவு நான்கில் ஒரு பங்காகும்; பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்காகும். இந்த எதிர்விகித இருமடி விதி நீங்கள் படித்ததுதான். குன்று குறுக்கிட்டால் நிலைமை இன்னும் மோசம். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 செ.மீ.; 2,300 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுமார் 13 செ.மீ. நீண்ட அலை குன்றின் விளிம்பில் சற்று நன்றாக வளையும். குறுகிய அலைக்குப் பின்னால் விழும் நிழல் அடர்ந்தது. கணக்கில் ஒரு குன்றின் உயரமோ காட்டின் அடர்த்தியோ பிசகினால் நிழலில் உள்ள வீடு ஒளியில் இருப்பதாகக் காட்டப்படும்.

எல்லைப் பகுதியில் மற்றொரு சிக்கலும் உண்டு. மாநில எல்லை அலைகளுக்குத் தெரியாது! ஜூஜூவாடியில் நிற்பவரின் கைப்பேசி எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளிப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடிக்கலாம். ஆகையால் கோடுகளை மட்டும் எண்ணினால் போதாது. அலை எந்தக் கோபுரத்திலிருந்து வருகிறது என்பதையும் குறிக்க வேண்டும்.

ஒளியிழைக்கு நிழல் தொல்லை இல்லை. முழு அக எதிரொளிப்பால் ஒளி இழைக்குள்ளேயே ஓடுகிறது. தரமான இழையில் 15 கி.மீ. சென்ற பிறகும் ஒளித்திறனில் ஏறத்தாழப் பாதி எஞ்சியிருக்கும். ஆனால் இழை எங்கே முடிகிறதோ அங்கே ஒளியும் முடிகிறது. அலுவலகச் சுவரோடு நின்ற இழை மலைக்கு அப்பால் உள்ள வீட்டுக்குப் பயன்படாது. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டத்தில், ஊராட்சித் தலைமையிடம் அல்லாத சுமார் 3.8 லட்சம் கிராமங்களுக்கும் தேவைக்கேற்ப இணைப்புத் தர வழி செய்யப்பட்டதன் காரணம் இப்போது விளங்கும்.

'இருக்கிறது' என்றால் என்ன?

அலகை நிர்ணயித்தாலும் இன்னொரு கேள்வி எஞ்சும். எவ்வளவு வேகம் இருந்தால் அது 'பிராட்பேண்ட்' எனப்படும் அகலக்கற்றை இணைப்பு? இந்தியாவில் 2004-இல் குறைந்த அளவு வினாடிக்கு 256 கிலோபிட். 2013-இல் 512 கிலோபிட். 2023-இல் 2 மெகாபிட். 90 மெகாபைட் அளவுள்ள ஒரு பாடப் படத்தை இறக்க முதல் வேகத்தில் சுமார் 47 நிமிடங்கள் ஆகும். அதாவது ஒரு பாடவேளை முழுவதும் போய்விடும்! கடைசி வேகத்தில் 6 நிமிடங்கள் போதும். 2022-இல் 1 மெகாபிட் வேகம் பெற்ற வீடு அகலக்கற்றை பெற்ற வீடாக எண்ணப்பட்டிருக்கும்; அடுத்த ஆண்டே அது 'இல்லாத வீடு' ஆகிவிடும். வரையறை மாறினால் வண்ணமும் மாறும்.

அமெரிக்கா கற்ற பாடம்

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பல ஆண்டுகளாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சிறு வட்டாரங்களே அலகாக இருந்தன. ஒரு வட்டாரத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்புத் தர முடிந்தாலும் வட்டாரம் முழுவதும் இணைப்புப் பெற்றதாகக் கொள்ளப்பட்டது. நாட்டுப்புறத்தில் இவ்வட்டாரங்கள் பரந்து கிடந்ததால் பிழையும் பெருகியது. 2020-இல் சட்டம் இயற்றி முறையை மாற்றினார்கள். 2022 நவம்பரில் வீடு வீடாகக் காட்டும் புதிய வரைபடம் வெளியாயிற்று. 'எங்கள் வீட்டுக்கு இணைப்பு இல்லை. வரைபடம் தவறு' என்று எவரும் முறையிடவும் வழி செய்தார்கள். அவ்வாறு திருத்திய வரைபடத்தைக் கொண்டே 2023 ஜூனில் 4,245 கோடி டாலர் நிதியை மாநிலங்களுக்குப் பகிர்ந்தார்கள்.

நம் அரசும் பட்டியல்கள் பிசகலாம் என்பதை உணர்ந்தே இருக்கிறது. 2022 ஜூலையில் 24,680 கிராமங்களுக்கு 4ஜி சேவை தர ரூ.26,316 கோடி ஒதுக்கியபோது, புதிதாகத் தோன்றிய குடியிருப்புகள் போன்றவற்றுக்காக மேலும் 20 சதவீதக் கிராமங்களைச் சேர்க்க இடம் விட்டார்கள். நிறுவனங்கள் தம் சேவைப் பரப்பு வரைபடங்களை இணையதளங்களில் வெளியிட வேண்டும் என்று 2024-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' விதி வகுத்தது. அந்த வரைபடத்தைத் திறந்து உங்கள் தெருவைப் பார்க்கலாம்.

நீங்களே அளந்து பாருங்கள்

ஓர் ஊருக்கு நான்கைந்து மாணவர்களாகச் சேருங்கள். டிராய் அமைப்பின் 'மைஸ்பீடு' செயலியால் ஒவ்வொரு குடியிருப்பிலும் காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் வேகத்தை அளந்து சராசரி காணுங்கள். இடம், நேரம், நிறுவனம் ஆகியவற்றை அட்டவணையில் எழுதுங்கள். ஒரே கோபுரத்தைப் பலர் பகிர்வதால், ஆலை விட்டு எல்லோரும் வீடு திரும்பிய மாலையில் வேகம் குறைகிறதா என்றும் பாருங்கள். பின்னர் ஊரின் படத்தை வரைந்து வண்ணம் தீட்டி, நிறுவனத்தின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒத்திருந்தால் மகிழ்ச்சி. ஒத்திருக்காவிட்டால் அட்டவணையைக் கிராம சபைக் கூட்டத்தில் பெரியவர்கள் முன் வையுங்கள். 'எங்கள் ஊரில் சிக்னல் இல்லை' என்ற குறை காற்றோடு போகலாம். நாள், நேரம், இடம், அளவு ஆகியவற்றோடு எழுதிய தாளை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.