படகு கரைக்கு வரும்வரை

மகளே,

கல்யாணமாகி வந்த சூட்டிலேயே மாப்பிள்ளை பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போய்விட்டார். காற்று எழும்பினால் கை நடுங்குகிறது, ஜெபமும் வாயில் வரவில்லை என்றாய். இந்தக் கரையில் காத்திருந்தே நரைத்தவள் சொல்கிறேன், கேள்.

1. பயப்படுவதைப் பாவம் என்று நினைக்காதே. மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தை எடுத்துப் படி. பேதுருவும் யோவானும் வலை வீசிப் பிழைத்தவர்கள்தான். படகுக்குள் தண்ணீர் ஏறியதும் அவர்களும் நடுங்கி, தூங்கிக்கொண்டிருந்த ஆண்டவரை எழுப்பிச் சண்டைக்கே போய்விட்டார்கள். அவர் முதலில் காற்றை அடக்கினார்; விசுவாசம் பற்றிய கேள்வியைப் பிறகுதான் கேட்டார். அந்த வரிசையை நினைத்து எத்தனையோ ராத்திரி நான் தூங்கியிருக்கிறேன்.

2. ஜெபம் வராத நாளில் 88ஆம் திருப்பாடலைத் திற. அழுகையில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் பார். அதுவும் முடியாவிட்டால் ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார், போதும்.

3. கடவுளை நம்புகிறவள் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, எச்சரிக்கை வருமுன்னே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் ஏராளம். இரையுமன்துறை தொடங்கி நீரோடி வரை எந்த வீட்டிலும் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. நம் ஆண்கள் சொந்தப் படகை எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஊர் ஊராகத் திரண்டு தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். பங்குச் சாமியார்களும் கூடவே இருந்தார்கள். காலையில் மாதாவிடம் மன்றாடிய வாய்தான், 'எங்கள் பிள்ளைகளைத் தேடுங்கள்' என்று அங்கே கத்தியது. இரண்டும் ஜெபம் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

4. இழவு வீட்டில் கடவுளுக்காக வக்காலத்து வாங்காதே. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் ஞாயிறு, சுனாமி வந்தது. குளச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியிடம், 'எல்லாம் தேவ சித்தம்' என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு கிழவி மட்டும் எதுவும் பேசவில்லை. மண் அப்பிக் கிடந்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள், கஞ்சி வைத்தாள், அவள் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். பின்னல் முடியும்போதுதான் அந்தத் தாய்க்கு அழுகையே வந்தது. ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர், அருகில் இருக்க ஒருத்தி. நீ அந்த ஒருத்தியாக இரு.

5. கழுத்தில் ஜெபமாலை போட்டு அனுப்பினால் மட்டும் போதாது. உயிர்காக்கும் சட்டை படகில் இருக்கிறதா, ஒயர்லெஸ் வேலை செய்கிறதா என்று கேள். எச்சரிக்கை விட்ட நாளில் அவரைப் போக விடாதே. வருமானம் போனால் போகட்டும்.

6. ராத்திரி தனியாகக் கிடந்து கைபேசியில் புயல் செய்தியைத் தேடாதே. வாட்ஸ்அப்பில் வருகிற குரல் பதிவுகளில் பாதி புரளி. வானிலை மையம் சொன்னதை ஒருமுறை கேள், பிறகு அணைத்துவிடு. இந்த வாரம் அக்கம்பக்கத்து வீட்டார் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் நம் வீட்டில்தான். கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடு. பாய் விரிக்கவும் கட்டன் சாயா போடவும் எனக்கு ஆள் வேண்டும். இரண்டு வீடு தள்ளியிருக்கிற அந்தப் புதுப்பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா. அவள் வீட்டுக்காரரும் உன் மாப்பிள்ளை போன படகில்தான் இருக்கிறார்.